அரசப்பன் சார் எடுக்கச் சொன்ன தமிழ்

வார்சா, போலந்து

அன்புள்ள நைனாவுக்கு,

மகள் கல்பனா வணங்கி எழுதுகிறேன். உங்கள் முட்டி வலி குறைந்ததா? அம்மாவுக்கு ஜுரம் விட்டதா? நான் நன்றாகவே இருக்கிறேன். போனில் சொன்னால் அம்மா கேட்டுக் கவலைப்படும், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி செய்கிற எடிட்டர், அதாவது டைப் அடிக்கிற சாப்ட்வேர், எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஓடும், ஆனால் அதில் இருக்கிற வேறு எதனோடும் ஒட்டாது. அதை ஒட்டவைப்பதுதான் என் வேலை. ஃபைலைத் தட்டினால் நேராக அதில் திறக்கும்படி செய்தேன். கம்ப்யூட்டரிலேயே இருக்கிற தமிழ்க் கீபோர்டையும் அதனுடன் இணைத்தேன். முதலில் நம் ஊர்ப் பேரை, பள்ளிப்பட்டு என்றுதான் அடித்துப் பார்த்தேன். எழுத்து உடையாமல் வந்தது.

மேனேஜர் அரசப்பன் சாரும் நம் மாவட்டம்தான், திருப்பாச்சூர்க்காரர். "தமிழ்ல யாரும்மா இதுல அடிக்கப் போறாங்க? டெஸ்டிங்குக்குப் பேஜாரு, எடுத்துடு" என்றார். என் கையாலேயே எடுத்தேன்.

போன வாரம் அவரே கூப்பிட்டார். அவருடைய அம்மாவின் நினைவு நாளுக்கு அந்த எடிட்டரில் நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது, அம்மா பேரே ஒடஞ்சிக்கினு வருது?"

"தமிழ்க் கீபோர்டை எடுக்கச் சொன்னீங்களே சார், அதான்."

திரும்பச் சேர்க்கச் சொல்வார் என்று நின்றேன். "சரி வுடு, போன்ல அடிச்சிக்கிறேன்" என்றார்.

இதற்கெல்லாம் கவலைப்படாதீர்கள். யாராவது இந்தப் பக்கம் வந்தால் புளியும் மிளகாய்த்தூளும் கொடுத்தனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள், பேச விஷயம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இந்த ஆபீசில் என்னோடு தமிழ் பேச அவர் ஒருவர்தான் இருந்தார். இப்போது அவரிடமும் நான் இங்கிலீஷில்தான் பேசுகிறேன்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள்
கல்பனா