கார் இன்னும் உங்கள் பெயரில்

என் ராசா மச்சானுக்கு,

போன இடத்தில் சௌக்கியமா? எனக்கு உங்கள் மேல் கோபம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரை விற்றால் ஒழுங்காக விற்க வேண்டாமா? ஏழாயிரம்பண்ணை பட்டாசுக் கம்பெனி போர்மேன் கருப்பசாமி அண்ணனிடம் சாவியைக் கொடுத்தீர்கள். பேர் மாற்றும் பாரம் இரண்டிலும் தேதி போடாமல் கையெழுத்தை மட்டும் போட்டு நீட்டினீர்கள். "சீசன் முடியட்டும் மாப்ள, பேர மாத்திக்கிடுறேன்" என்றார் அவர். நம்ம பக்கம் எல்லாரும் இப்படித்தானே விற்கிறார்கள்.

சீசன் முடிவதற்குள் நீங்கள் முடிந்துவிட்டீர்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

அண்ணன் பாவம், பேர் மாற்றுவதற்கு இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கேட்டுக்கேட்டு அலுத்துப்போனார். "ரெண்டும் இன்னும் வரலண்ணே" என்று ஆறு மாதமாகப் புளுகினேன். இரண்டும் பீரோவில், கல்யாணச் சேலைக்கு அடியில் கிடந்தன. வாரிசு என்று அதில் என் ஒருத்தி பேர்தான்.

ஏன் புளுகினேன்? எல்லாம் உங்கள் போனால் வந்தது. பாஸ்டேக் உங்கள் நம்பரில்தானே இருக்கிறது! கார் சாத்தூர் டோல்கேட்டைத் தாண்டும்போதெல்லாம் மெசேஜ் வரும். பேர் மாறினால் அது நின்றுவிடுமே. போன் மினுங்கியதும், 'சாத்தூர் தாண்டியாச்சு, அரை மணியில வந்துருவாக' என்று மனசு சொல்லும். உலை வைத்திருக்கிறேன் மச்சான். இரண்டு பேருக்கு அரிசி போட்டிருக்கிறேன்.

போன வாரம் வெம்பக்கோட்டை ரோட்டில் அண்ணன் ஓட்டிப்போன கார் ஒரு பைக்கை இடித்துவிட்டது. பைக்கில் வந்தவருக்குக் கால் முறிவு. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து உங்கள் நம்பருக்கே போன் வந்தது.

"வண்டி ஓனர் முருகேசன் இருக்காரா?"

"வெளிய போயிருக்காக. சாயங்காலம் வந்துருவாக."

எனக்கு நாக்குக்கூடக் குழறவில்லை.

மறுநாள் கருப்பசாமி அண்ணன் வந்து நின்றார். "ஏந்தங்கச்சி, மாப்ள இறந்துட்டாருன்னு நான் சொல்லுதேன், நீ வந்துருவாருங்கே. வண்டியத் திருடுனவன் மாதிரில்லா என்னையப் பாக்காக! அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கேக்கணும். அதுவும் மாப்ள பேருலயே கெடக்கு. நான் என்ன செய்ய?"

பீரோவைத் திறந்தேன். வேறு என்ன செய்வது?

அண்ணனோடு ஆர்டிஓ ஆபீஸுக்குப் போனேன். வாசலில் ஒரு புரோக்கர், அண்ணனிடமிருந்த பழைய பாரத்தை வாங்கிப் பார்த்தார். "இம்புட்டு அலைச்சல் எதுக்குக்கா? அவரு கையெழுத்துதான் இருக்கே. உசுரோட இருந்த தேதி ஒண்ணப் போட்டுவிட்ருவோம்" என்றார். அந்தப் பாரத்தை வாங்கிப் பார்த்தேன். 'மு'வை எப்போதும்போலச் சுழித்திருந்தீர்கள். மை கொஞ்சமும் மங்கவில்லை. ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது, நீங்களே வந்து விற்றதாக இருக்கட்டுமே என்று. அப்புறம் பாரத்தை அவர் கையிலேயே திருப்பித் திணித்தேன்.

"செத்தவுகளக் கையெழுத்துப் போட வைக்காதீக!"

கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். 'செத்தவுக' என்ற வார்த்தை என் வாயிலிருந்து முதல்முதலாக வந்தது அன்றைக்குத்தான்.

வேறு பாரம் வாங்கி, நீங்கள் இறந்த தேதியை நானே எழுதினேன். முதலில் கார் என் பேருக்கு வரும், என்னிடமிருந்து அண்ணன் பேருக்குப் போகும். ஸ்டேஷனுக்கும் சான்றிதழ் நகலைக் கொண்டுபோய், போனில் நான் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். அங்கே யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நேற்று சாயங்காலம் போன் மறுபடியும் மினுங்கியது. சாத்தூர். கை தானாக வாசல் லைட்டைப் போட்டுவிட்டது. தெருவில் ஒரு கார் மெதுவாக வந்தது, நிற்காமல் போனது. அது உங்களுடையதா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை, பயமா?

புதன்கிழமை அண்ணன் பாஸ்டேக்கைத் தன் நம்பருக்கு மாற்றிவிடுவார். அதற்கப்புறம் ஒரு ஆளுக்குத்தான் அரிசி போடுவேன் மச்சான், சத்தியம்.

உங்கள் மாமன் மகள்,
ராமுத்தாய்