சிலுவையம்மாள் வீட்டு அடிபம்பு

அன்புள்ள அம்மாவுக்கு, ஜெபசெல்வி எழுதுவது. கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

எண்ணூர்ப் பக்கம் நல்ல நிலத்தடி நீர் எங்கெங்கே இருக்கிறதென்று வரைபடம் போடுகிறோம். எல்லா இடத்திலும் அளக்க முடியாது. அளந்த கிணறுகளை வைத்து, நடுவில் உள்ள தெருக்களுக்குக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு நிறம் பூசிவிடும். அப்படி ஒரு தெரு, நல்ல தண்ணீர் என்று நீலமாக வந்தது. நேரில் போனேன். மீன் விற்கும் சிலுவையம்மாள் தன் வீட்டு அடிபம்பில் ஒரு சொம்பு பிடித்து நீட்டினார். "இன்னாமா, உன் கம்ப்யூட்டரு இத்த குடிச்சிப் பாத்துச்சா?" வாயில் வைத்தேன், உப்புக் கரித்தது. அதை அளந்து படத்தில் ஒரு புள்ளியாகச் சேர்த்ததும் அந்தத் தெரு, உப்புத் தண்ணீர் என்று சிவப்பாகிவிட்டது.

எங்கள் அதிகாரிக்குக் கோபம். "ஒரு பம்பால படமே கெட்டுப்போச்சு. அந்தப் புள்ளிய எடு. இல்லன்னா அறிக்கையில உன் பேரு இருக்காது."

"பேரை எடுத்துக்கோங்க சார். அளந்தது அளந்ததுதான்" என்றேன்.

அளவைக் குறித்த தாளில் சாட்சியாகச் சிலுவையம்மாளின் கையெழுத்தும் இருந்ததால் புள்ளியை அதிகாரியால் தொட முடியவில்லை. என் பெயரைத்தான் எடுத்தார். பயப்படாதீர்கள், வேலை இருக்கிறது.

கேன் தண்ணீரில் டீ ருசிக்கவே இல்லை. பெரியப்பா கடைக்குச் சரக்கெடுக்க வண்ணாரப்பேட்டை வரும்போது கருப்பட்டி கொடுத்தனுப்புங்கள். நம் கிணற்றுத் தண்ணீரும் ஒரு பாட்டில்.

கூரியர் கடையை மூடப் போகிறார்கள். படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் என் பெயரைத் தேடாதீர்கள், அந்தச் சிவப்பைப் பாருங்கள்.

உங்கள் செல்வி