செல்வி நடத்திய பாடம்

டீச்சர்,

இன்று காலை ஒன்பதாம் வகுப்புக்குள் புளி வாசனை வந்தது. நிமிர்ந்தால், வாசலில் செல்வி. புளி உலுக்கப் பெற்றோருடன் போனவள், பல வாரங்கள் கழித்து வந்திருக்கிறாள். பள்ளி கேட்டுக்கு வெளியே அவள் அப்பா வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

"இனிமே வரமாட்டேன்னு சொல்ட்டு வரச் சொன்னாரு அப்பா, டீச்சர்" என்றாள்.

கீழே படவேட்டிலிருந்து நான் இந்த மலைப் பள்ளிக்கு வேலைக்கு வந்த புதிதில், புளிப் பருவத்தில் வகுப்பு பாதி காலியானதைப் பார்த்து ஆத்திரத்தில் குதித்தேன். நீங்கள் இந்த மலையில் பிறந்தவர், அலட்டிக்கொள்ளவே இல்லை. போகிற பிள்ளையிடம் அறிவியலில் ஒரு பாடத்தை ஒப்படைப்பீர்கள். அங்கே தானாகப் படித்து, திரும்பி வந்து வகுப்புக்கு நடத்த வேண்டும். அதுவரை நீங்கள் அந்தப் பாடத்தைத் தொடமாட்டீர்கள். அந்தப் பிள்ளையின் இடத்தில் வேறு யாரையும் உட்காரவும் விடமாட்டீர்கள். புளிய மரத்தடியில் எந்தப் பிள்ளை படிக்கும் என்று கிண்டல் செய்தேன்.

"வந்து சொல்றதுக்கு ஒரு எடம் கீதுன்னு தெரிஞ்சா படிக்கும் டீச்சர்" என்றீர்கள்.

நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு வரும் முதல் புளிப் பருவம் இது. ஒளிப் பாடத்தை ஏன் இன்னும் நடத்தவில்லை என்று தலைமையாசிரியர் கடுகடுத்தார். அது நான் செல்வியிடம் ஒப்படைத்த பாடம் என்றேன். வருவாளா என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

"சொல்றது இருக்கட்டும். உன் பாடத்தை நடத்திட்டுப் போ" என்று செல்வியிடம் சாக்பீஸை நீட்டினேன்.

தயங்கித் தயங்கி வந்தாள். குடத்துத் தண்ணீரில் கோலை விட்டுப் பார்த்தாளாம், வளைந்து தெரிந்ததாம். பலகையில் வரைந்தாள். பாதியில் நின்றுபோனாள். வெளியே ஹாரன் அடித்தது. எடுத்துக்கொடுக்க என் நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன். என்னை வாய்மூடி நிற்கப் பழக்கியவர் நீங்கள் ஒருவர்தான், என் வீட்டுக்காரரால்கூட முடியவில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "கோலு நேராத்தானே கீது? கண்ணுக்கு மட்டும் ஏன் வளையுது?"

செல்வி யோசித்தாள். தெரியவில்லை என்றாள். அவ்வளவுதான், போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"படிச்சிட்டு வந்து நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

நாளைக்கு! கேட்டுக்கு ஓடினேன். உங்களைப் போல நயமாகப் பேச எனக்கு வராது டீச்சர், உங்கள் பிடிவாதம் மட்டும் என்னிடம் இருக்கிறது. பிள்ளைகள் கேள்வி கேட்டிருக்கிறார்கள், பதில் சொல்ல வேண்டியது அவள்தான், அனுப்ப முடியாது என்றேன்.

அவள் அப்பா ஹாரனிலிருந்து கையை எடுத்தார். "எம் பொண்ணையா கேட்டாங்க?" என்றார்.

ஆமாம் என்றேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு தனியாகப் போனார்.