உயிரோடிருந்தவர் வாசலில் சாவு மேளம்

அன்புள்ள அம்மாவுக்கு, கொல்லிமலையிலிருந்து அடங்காத மகள் மேனகா வணக்கத்துடன் எழுதுவது. அப்பாவின் முழங்கால் எப்படி? என்னைத் திட்டாமல் உன் வாய் சுகமா? நான் நலம், இடது கை மட்டும் விடுப்பில் இருக்கிறது.

என் முதல் பாட்டு வீடியோவுக்காக, சேலத்திலிருந்து கூட்டிவந்த மேளக்காரரை ஒரு வீட்டு வாசலில் சாவு மேளம் அடிக்கவைத்தேன். உள்ளே பெரியவர் ஒருவர் நோயில் கிடந்தது எங்களுக்குத் தெரியாது. அவர் மகன் பழனிமுத்து தடியோடு பாய்ந்தார்.

"எங்கப்பன் உசுரோட இருக்கறப்பவே சாவு மேளமா?"

மேளக்காரர் மண்டை பிளந்தது. அடுத்த அடி கேமராவுக்கு வந்தது, கையைக் குறுக்கே வைத்தேன். எலும்பு முறிந்தது, கேமரா பிழைத்தது.

ஆஸ்பத்திரியில் மேளக்காரருக்குத் தையல் போடும்போது வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அலறலுக்கு நடுவே உள்ளிருந்து பெரியவரின் குரல்:

"ஆரு செத்தது, சாமி?"

மொத்தத்தையும் அழித்துவிட்டேன். அதற்கு ஒரு கையே போதுமாக இருந்தது.

கையைத் தூக்கிக் கட்ட உன் பழைய நூல்புடவை ஒன்று அனுப்பு. துவைக்காமல் அனுப்பு. கடிதத்தைக் கொடுத்தனுப்ப வேண்டிய பஸ் வந்துவிட்டது.

மேனகா