தாழப் பறந்தவனின் தகப்பன்

ஓமரூ, நியூசிலாந்து
2 அக்டோபர் 1942

மதிப்பிற்குரிய திரு. தானிலோ குரிலுக் அவர்களுக்கு,

முன்பின் தெரியாதவன் எழுதுகிறேன். அறுவடை நேரத்தில் உங்கள் கோதுமை வயலில் விழுந்து உங்கள் மனைவியைக் கொன்ற பயிற்சி விமானத்தை ஓட்டியவன் பயிற்சிக்காக இங்கிருந்து கனடாவுக்கு அனுப்பப்பட்ட என் மகன் நெவில். அவனும் அதிலேயே போய்விட்டான். ஏதோ எந்திரக் கோளாறு என்று நினைத்து நானும் என் மனைவி எல்ஸ்பெத்தும் அழுதோம். பிறகு விமானப்படையிலிருந்து கடிதம் வந்தது. எந்திரத்தில் குறையில்லையாம். தடையை மீறி, விளையாட்டுக்காகத் தாழப் பறந்தானாம். அதற்குப் பிறகு எங்களுக்கு அழக்கூட வாயில்லை.

என் கடைக்கு முடிவெட்ட வருகிறவர்கள், "நாட்டுக்காகப் பிள்ளையையே குடுத்துட்டீங்களே, ஆர்ச்சி!" என்கிறார்கள். கத்தரியைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

தாயை இழந்த உங்கள் பிள்ளைகளுக்கு எல்ஸ்பெத் பின்னிய கம்பளிச் சட்டைகளை அனுப்பியிருக்கிறோம்.

வெட்கத்துடன்,
ஆர்ச்சி லோரிமர்

வெர்பிவ்கா, கனடா
19 ஜனவரி 1943

ஐயா,

சட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். எனக்கு இங்கிலீஷ் எழுத வராது, பாதிரியார் எழுதுகிறார். "இவ்வளவு கடுமையா வேண்டாம்ப்பா" என்கிறார். "நான் சொல்றத அப்படியே எழுதுங்க சாமி" என்றேன்.

மரியா வண்டிமேல் நின்று கதிர்க்கட்டு அடுக்கினாள். நான் கீழிருந்து எடுத்துக் கொடுத்தேன். அடுத்த கட்டை நீட்டினேன், வாங்க ஆளில்லை. உங்கள் பையனுக்கு அது விளையாட்டு.

இனி எழுத வேண்டாம்.

தானிலோ குரிலுக்

வெர்பிவ்கா
6 ஜூன் 1943

திரு. லோரிமர்,

எழுத வேண்டாம் என்றவனே எழுதுகிறேன். டவுன் கல்லறைக்குப் போனேன். உங்கள் பையன் குழிமேல் காறித் துப்பத்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். கல்லில் வயது பத்தொன்பது என்றிருந்தது. வாய் உலர்ந்துபோயிற்று.

என் மூத்தவன் ஓஸ்டாப்புக்கும் அதே வயது. விமானப்படையில் பெயர் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான். "அம்மாவைக் கொன்னதுலயேவாடா ஏறப் போற?" என்றேன். "நான் ஒழுங்கா ஓட்டுவேன்ப்பா" என்கிறான். இலையுதிர் காலத்தில் கிளம்புகிறான்.

உங்கள் பிள்ளையை என்ன சொல்லி அனுப்பினீர்கள்? அதைத் தவிர வேறு ஏதாவது நான் சொல்ல வேண்டும்.

தானிலோ

ஓமரூ
11 ஆகஸ்ட் 1943

அன்புள்ள தானிலோ,

உங்கள் கேள்வியை எல்ஸ்பெத்திடம் காட்டினேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

கனடாவுக்கு அனுப்புமுன் இங்கேதான் அவனுக்கு முதல் பயிற்சி. ஒரு ஞாயிறு எங்கள் கூரையை உரசுவதுபோல் பறந்துபோனான். கொடியில் காய்ந்த துணியெல்லாம் வேலிக்குப் பறந்தது. எல்ஸ்பெத் நடுங்கிப்போய், "அவனைக் கண்டிச்சு வைங்க. உங்க பேச்சைத்தான் கேப்பான்" என்று அழுதாள்.

விடுப்பில் வந்தான். திட்டு விழும் என்று வாசலிலேயே தயங்கி நின்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "இன்னும் கொஞ்சம் எறங்கியிருந்தா புகைபோக்கியைத் தொட்டிருப்பியேடா!" என்று முதுகில் தட்டினேன். அவன் முகம் மலர்ந்தது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

இதைத்தான் சொல்லி அனுப்பினேன்.

ஓஸ்டாப் ரயிலேறுமுன் இதை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். என் பெயரை மறைக்க வேண்டாம். அதன்பின் எனக்கு எழுத உங்களுக்கு மனம் வராது. அது நியாயம்தான்.

நெவிலின் தகப்பன்,
ஆர்ச்சி