போனில் நீ சொல்லும் அந்த ஆங்கிலச் சொல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அப்பாவும் கடவுள் புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் நலம்தானே என்று வழக்கம்போல் எழுதக் கை வரவில்லை, அதனால்தான் போனை விட்டுவிட்டுக் கடிதம். அப்பாவுக்கு நெஞ்சு வலி மறுபடி வரவில்லை, மாத்திரையை மட்டும் நான் கையில் கொடுத்தால்தான் போடுகிறார். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, பிளம்பர் இதோ அதோ என்று இழுத்தடிக்கிறார், வாளி மாற்றி மாற்றி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். உடம்பு எப்படி என்று கேட்டால் சில மாதமாகவே நீ 'அண்டர் த வெதர்மா' என்கிறாய். போன் எப்போதும் ஸ்பீக்கரில்தானே, பக்கத்தில் இருக்கும் அப்பா, 'அங்க மழை போல, நனைஞ்சிருப்பா, விடு' என்று சிரித்துவிடுகிறார். அகராதியில் பார்த்தேன், லேசாக உடம்பு சரியில்லை என்று போட்டிருந்தது, மனம் ஆறியது. ஆனால் கணக்கு எழுதிப் பழகியவளுக்கு ஒரே தொகை எல்லா வாரமும் வந்தால் உறுத்தும் இல்லையா? மாடி வீட்டு டியூஷன் டீச்சரிடம் கேட்டேன். 'சளி, தலைவலின்னு ஆபீஸுக்கு ஒரு நாள் லீவு சொல்வாங்கல்ல ஆன்ட்டி, அதுக்குத்தான். மாசக்கணக்கா யாரும் சொல்ல மாட்டாங்க' என்றாள். அன்று சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன், ஏன் சாப்பிடலை என்று அப்பா கேட்டார். உன் பேச்சை எடுத்தால் அவர் நெஞ்சு தாங்காதே என்று நானும் 'அண்டர் த வெதர்' என்றேன். 'அம்மாவும் பொண்ணும் இங்கிலீஷ்லயே படுத்துக்கோங்க' என்று பேப்பரை எடுத்துக்கொண்டார், மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அகராதியில் இல்லாத அர்த்தம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. கேட்கிறவர் வாயை வலிக்காமல் மூடுவதற்கு அதைவிட நல்ல சொல் கிடையாது. அவருக்குத் தெரியக்கூடாது என்றுதான் நீயும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

உன் மேல் கோபம் இல்லை பாப்பா, அசதிதான். என்னவென்று தெரியாமல் கடவுளிடம் எதைக் கேட்பது? உடம்பா, வேலையா, மாப்பிள்ளையோடு மனஸ்தாபமா என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து வேண்டி அலுத்துவிட்டேன். வேளைக்குச் சாப்பிடு, தனியாக உட்கார்ந்து யோசிக்காதே. அந்தக் கடவுள் உன்னைக் கைவிட மாட்டான், என் ஆசீர்வாதமும் எப்போதும் உன்னோடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. அந்த நேரத்துக்கு அப்பாவை முடிவெட்டிக்கொள்ள அனுப்பிவிடுகிறேன், ஸ்பீக்கர் போட மாட்டேன். எங்கே வலிக்கிறது என்று சொல். நான் அழ மாட்டேன். அழுதாலும் போனை வைத்துவிடாதே.

உன் அம்மா