எழுத்துக்கல் அடியில் அள்ளிய மண்

பிரிக்பீல்ட்ஸ் பாசார் முனையில் இன்று காலை ஒரு சீனக் கிழவர் கரும்பு சீவிக்கொண்டிருந்தார். அந்தப் பச்சை வாசம் மூக்கில் ஏறியதும் என் கால் நின்றுவிட்டது. நீ கூட இருந்திருந்தால் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்து, "இதெல்லாம் கரும்பா மாப்பிள்ளே? வெறும் தட்டை" என்று துப்பியிருப்பாய். நீ போய் நாற்பது நாள் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் இருபத்தைந்து வருடம் மறைத்த ஒன்றை இப்போது எழுதுகிறேன். நல்ல நேரம் பார்த்தேன், இல்லையா?

ரயில்வே பட்டறையில் நாம் ஒன்றாகச் சம்மட்டி பிடித்த காலம் அது. வடக்கே கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருடம் உழைத்து, மனைவியை அங்கேயே காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு வந்தவன் நீ. அவள் தினமும் விளக்கேற்றிய கல்லின் அடியிலிருந்து பிடிமண் எடுத்து வந்து, நம் குவார்ட்டர்ஸ் பின்னால் அரசமரத்தடியில் சாமி வைக்க வேண்டும் என்று என்னைப் பிடுங்கி எடுத்தாய். பிடிமண்ணைக் கொண்டுவந்து சேர்க்கும்வரை தரையில் வைக்கக் கூடாது என்பது முறை. அதனால் துணைக்கு ஆள் வேண்டும் என்றாய். எனக்குப் பக்தியெல்லாம் இல்லை. ரயில் பாஸ் இருந்தது, கிளம்பினேன்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் நீ முன்னால் நடந்தாய். தலைக்கு மேல் கரும்பு. காய்ந்த சோகை மண் தெரியாமல் மூடிக் கிடந்தது, பச்சைச் சோகை என் கையெல்லாம் கீறியது. வாய்க்கால் ஓரத்தில், தாமரை இதழ் செதுக்கிய கல்தூண் ஒன்று பாதி சேற்றில் கிடந்தது. வெட்டு ஆட்கள் பாராங் கத்தியைத் தீட்டித் தீட்டி அதன் ஒரு பக்கம் குழிந்திருந்தது. "நானும் தீட்டியிருக்கேன்" என்று சொல்லி, அந்தக் குழியைத் தடவிக் கொடுத்தாய்.

அதைத் தாண்டி எழுத்துக்கல். ஆள் உயரப் பாறை, அதில் வரிவரியாக வெட்டிய எழுத்து. எந்தக் காலத்து எழுத்தோ, யாருக்கும் படிக்கத் தெரியாது. மஞ்சளும் எண்ணெயும் அப்பி அப்பிப் பாதி வரிகள் மறைந்தே போயிருந்தன.

"என்ன எழுதியிருக்குன்னு யாருக்குத் தெரியும் மாப்பிள்ளே? நம்ம ரெண்டு பேரோட பேருதான்னு அவ சொல்லுவா."

கல்லுக்குப் பக்கத்தில்தான் அவளைப் புதைத்தது. அந்த இடத்திலும் கரும்பு நட்டிருந்தார்கள். எந்தச் சால் என்று தெரியாமல் நீ ஒவ்வொரு சாலாக நடந்தாய். கடைசியில் கல்லடிக்கே திரும்பி வந்து, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மண்ணை அள்ளி மஞ்சள் துணியில் முடிந்தாய்.

திரும்பும் ரயிலில் உனக்குக் குளிர்காய்ச்சல். முடிச்சை என் மடியில் வைத்து, "கீழ மட்டும் வச்சிராதே" என்று சொல்லிக் கண்ணை மூடினாய். நடுவழி ஸ்டேஷன் ஒன்றில் உனக்குத் தண்ணீர் பிடிக்க இறங்கினேன். செம்பைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. முடிச்சைக் குழாயடியில் வைத்தேன். பின்னால் வந்த சாமான் தள்ளுவண்டி அதன் மேல் ஏறிவிட்டது. திரும்பிப் பார்த்தபோது துணி மட்டும் தண்ணீரில் அலைந்துகொண்டிருந்தது. மண் சாக்கடையோடு போயே போய்விட்டது. மடையன் நான்.

கோலாலம்பூர் வந்து நீ குளிக்கப் போன நேரத்தில், பழைய செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு பிடி மண்ணை அள்ளி அதே துணியில் முடிந்தேன்.

மறுநாள் மரத்தடியில் நீ அதை அவிழ்த்தாய். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். அழுகிறாய் என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு, "இதுவும் நல்ல மண்ணுதான்" என்று சொல்லிப் பரப்பினாய். அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் அங்கே விளக்கேற்றினாய். போகும்போதும், "மரத்தடி மண்ணுல ஒரு சிட்டிகை என் நெத்தியில பூசு மாப்பிள்ளே" என்றுதான் கேட்டாய். பூசினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

போன வாரம் தனியாக வடக்கே போனேன். உண்மையான மண்ணை உன் குழிமேல் போட்டுவிட்டால் என் பாரம் குறையும் என்று எண்ணம். கரும்பு ஒன்றுகூட இல்லை, எல்லாம் கித்தா, ரப்பர் மரம். பால் வெட்டும் பெண் ஒருத்தி வழி காட்டினாள். "அந்தக் கல்லா தாத்தா? இப்ப யாரும் வெளக்கேத்தறதில்ல" என்றாள். நான் ஏற்றினேன். குனிந்து மண்ணை அள்ளினேன்.

கறுப்பு. அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. நம் மரத்தடி மண் செங்கல் சிவப்பு.

அந்த மண்ணில் ஐந்து வருடம் மண்வெட்டி பிடித்தவன் நீ. முடிச்சை அவிழ்த்த உடனே உனக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்கவில்லையே! திட்டியிருக்கலாம், இரண்டு அறை விட்டிருக்கலாம். என் தப்பையே சாமியாக வைத்து இருபத்தைந்து வருடம் கும்பிட்டிருக்கிறாய்.

நேற்றுத்தான் திரும்பினேன். வழியில் அந்த ஸ்டேஷன் வந்தபோது தாகம் வாட்டியது, நான் இறங்கவில்லை. இன்று காலை பாசாரிலிருந்து நேராக உன் குழிக்குப் போனேன். முடிச்சை அவிழ்க்கக் கை வரவில்லை. இதை எழுதும்போதும் அது என் மடியில்தான் இருக்கிறது. கீழே வைக்கவில்லை.